வீடு உங்களுக்கு, அடிமனை ஊருக்கு: லண்டனில் எந்த வழியில் வீடு வாங்குவது?

போன மாதம் தென்கிழக்கு லண்டனின் கேட்ஃபோர்டிலிருந்து ஒரு தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். பதினோரு வருடமாக வாடகை வீடு. அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை, மனைவி ஒரு பள்ளியில் உதவி ஆசிரியர், இரண்டு பிள்ளைகள். இரண்டு சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 58,000 பவுண்டு. சீட்டுப் பிடித்தும் மிச்சம் பிடித்தும் சேர்த்தது 30,000. மூன்று தாள்களை மேசையில் விரித்தார்கள். ஷேர்டு ஓனர்ஷிப் (பங்கு வீடு) விளம்பரம் ஒன்று, லண்டனுக்கு வெளியே கென்ட் பக்கம் ஒரு வீட்டின் விற்பனைக் குறிப்பு ஒன்று, சமூக நில அறக்கட்டளை வீட்டுக்கான விண்ணப்பம் ஒன்று. "அக்கா, இதில் எது? மூன்றாவது என்னவென்றே எங்களுக்குப் புரியவில்லை. நிலம் நமக்கு இல்லையாமே?"

இதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மாற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

வீடு பார்க்கப் போகும்போது நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி "விலை என்ன". லண்டனில் அது போதாது. நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

1. சாவி கைக்கு வர எவ்வளவு ரொக்கம் வேண்டும்?
2. மாதம் எவ்வளவு போகும்? இன்றைக்கு மட்டுமல்ல, பத்து வருடம் கழித்தும்.
3. விற்றுவிட்டுப் போகும்போது கையில் என்ன இருக்கும்?
4. வீட்டுக்குள் யாருடைய சொல் செல்லும்? பழுது யார் தலையில்?
5. அந்த வீடு நமக்குக் கிடைக்குமா, எப்போது?

மூன்றாவதைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். பின்னால் வருத்தப்படுபவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இடறியிருக்கிறார்கள்.

கணக்கு ஒரே அளவுகோலில் இருக்க, சந்தையில் 4,50,000 பவுண்டு மதிப்புள்ள இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை எடுத்துக்கொள்கிறேன். வட்டி 5 சதவீதம், தவணை 30 வருடம், டெபாசிட் 10 சதவீதம். விலையும் சம்பளமும் வருடத்துக்கு 3 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்த எண்கள்தான். உங்கள் எண்களைப் போட்டு ஒருமுறை செய்து பாருங்கள்.

## சமூக நில அறக்கட்டளை வீடு

தமிழ்நாட்டில் கோயில் மனையில் வீடு கட்டியவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். என் பாட்டி வீடு அப்படிப்பட்டது. சுவர், ஓடு, மாமரம் எல்லாம் எங்களுடையது. மண் சாமியுடையது. மாதாமாதம் அடிமனை வாடகை கட்டிய ரசீதுகளைப் பாட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார். வீட்டை விற்றவர்கள் கட்டடத்தைத்தான் விற்றார்கள், மண் கைமாறவே இல்லை.

சமூக நில அறக்கட்டளையிலும் அடிமனை அறக்கட்டளையிடமே இருக்கும். வீட்டை நீண்ட குத்தகையில் நீங்கள் வாங்குகிறீர்கள். இரண்டு வித்தியாசங்கள் உண்டு. ஒன்று, அறக்கட்டளையின் நிர்வாகத்தில் குடியிருப்பவர்களுக்கும் அந்த வட்டாரத்து மக்களுக்கும் இடம் உண்டு. இரண்டு, விற்கும்போது நினைத்த விலைக்கு விற்க முடியாது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு வாய்பாடு எழுதியிருக்கும், அந்த விலைக்குத்தான் விற்கலாம்.

லண்டன் சமூக நில அறக்கட்டளையின் வாய்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அக்கம்பக்கத்து வீட்டு விலையை அது பார்ப்பதே இல்லை. அந்த வட்டாரத்தின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது) என்ன, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தவணையாகக் கட்டினால் எவ்வளவு கடன் அடைபடும் என்று பார்க்கிறது. அதை வைத்துத்தான் வீட்டின் விலை. கிழக்கு லண்டனின் மைல் எண்டில் பழைய செயின்ட் கிளமென்ட்ஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் வந்த 23 வீடுகள் இப்படித்தான் விற்கப்பட்டன. ஒரு படுக்கையறை வீடு அப்போது சுமார் 1,30,000 பவுண்டு. அதே வளாகத்தில் சந்தை விலை அதைப் போல மூன்று மடங்கு.

இந்த யோசனையின் வேர் நம் பக்கமும் வருகிறது. 1969-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வாக்குரிமைக்காகப் போராடியதால் நிலத்தை விட்டுத் துரத்தப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்'தான் இந்த வகையில் முதல் அமைப்பு. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வான், வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். தனி ஆள் பெயரில் நிலம் இருந்தால் அவசரத்தில் கைமாறிவிடும், ஊர் பெயரில் இருந்தால் நிற்கும் என்பது கிராமதானத்தின் பாடம். தமிழ்நாட்டில் அதற்காக ஊர் ஊராக நடந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியை நம்மில் பலருக்குத் தெரியும். ஜார்ஜியா நிலம் 1985-இல் கடனில் கைவிட்டுப் போனது. ஆனால் யோசனை நகரங்களுக்குப் பரவிவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். சந்தையில் 4,50,000 போகும் அதே மாதிரி ஃபிளாட் அறக்கட்டளையில் 2,70,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் 27,000. முதல் வீடு என்பதாலும் 3,00,000-க்குக் கீழ் இருப்பதாலும் முத்திரை வரி இல்லை. கடன் 2,43,000, தவணை மாதம் சுமார் 1,300. சர்வீஸ் சார்ஜ் (கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக் கட்டணம்) 200 சேர்த்தால் 1,500. தம்பதியின் சம்பளத்தில் நாலரை மடங்கு 2,61,000 என்பதால் வங்கி கொடுக்கும் வரம்புக்குள் கடன் அடங்குகிறது.

பத்து வருடத்தில் வட்டார சம்பளம் ஏறியதற்கு ஏற்ப விலை 3,63,000 ஆகும். கடன் 1,98,000 ஆகக் குறைந்திருக்கும். விற்றால் கையில் சுமார் 1,65,000. "இந்த வீட்டில் லாபமே வராதாமே" என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் காட்டுவேன். கட்டிய அசல் உங்களுடையது, சம்பள ஏற்றத்துக்கான பங்கும் உங்களுடையது. நிலத்தின் விலை ஊதிப் பெருத்தால் அந்த ஊதல் மட்டும் உங்களுக்கு வராது.

கண்ணில் படாத செலவுகள். முதலாவது, வெளியேறும் பாதை குறுகல். 1,65,000 பெரிய பணம்தான். ஆனால் அன்றைக்குப் பக்கத்துத் தெரு ஃபிளாட் 6,00,000 விற்றால் மீதிக்குக் கடன் வாங்கும் சம்பளம் வேண்டும். உள்ளே வருவது எளிது, வெளியே போய் அதே ஊரில் சந்தை வீடு வாங்குவது கடினம். இரண்டாவது, கடன் கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஈகாலஜி பில்டிங் சொசைட்டி போன்ற சிலரிடம்தான் போக வேண்டியிருக்கும், அதனால் மலிவான வட்டியைத் தேடி அலைய இடம் குறைவு. மூன்றாவது, இருபதாயிரம் செலவழித்துச் சமையலறையை மாற்றினால் அது விற்கும் விலையில் ஏறாமல் போகலாம். நான்காவது, ஊருக்குப் போய் இரண்டு வருடம் இருக்கலாம், அதுவரை வாடகைக்கு விடலாம் என்று நினைத்தால் குத்தகை விடாது. குடியிருக்கத்தான் இந்த வீடு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, வீடு கிடைப்பது. லூயிஷம் வட்டாரத்துச் சிடன்ஹாமில் பழைய கார் கராஜ்கள் இருந்த இடத்தில் 2023-இல் முடிந்த சிட்டிசன்ஸ் ஹவுஸில் 11 வீடுகள். மைல் எண்டையும் சேர்த்தால் இந்த அறக்கட்டளை கொண்டுவந்தது 34. கிட்டத்தட்ட 90 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 34 வீடு! செயின்ட் கிளமென்ட்ஸுக்காக உழைத்த அறக்கட்டளை 2007-இல் தொடங்கியது, முதல் குடும்பம் குடியேறியது 2017-இல். விண்ணப்பிக்கவும் தகுதி பார்ப்பார்கள்: அந்த வட்டாரத்தோடு பல வருடத் தொடர்பு, இப்போதைய வீட்டு நெருக்கடி, தவணை கட்டும் வருமானம், வட்டாரப் பொது வேலைகளில் பங்கு. கேட்ஃபோர்ட் தம்பதிக்கு இதில் நல்ல வாய்ப்பு உண்டு. பதினோரு வருடமாக லூயிஷம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளியும் கோயிலும் இங்கேதான்.

யாருக்குப் பொருந்தும்: வட்டாரத்தை விட்டுப் போகும் எண்ணம் இல்லாதவர்களுக்கு. காத்திருக்க முடிந்தவர்களுக்கு. வீட்டை விற்று அடுத்ததை வாங்கி ஏற வேண்டும் என்று திட்டம் போடாதவர்களுக்கு.

## ஷேர்டு ஓனர்ஷிப்

இதில் நான் வாழ்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.

வீட்டின் ஒரு பங்கை வாங்கி, மீதிப் பங்குக்கு ஹவுசிங் அசோசியேஷனுக்கு (அந்த மீதிப் பங்கை வைத்திருக்கும் வீட்டுவசதி அமைப்பு) வாடகை கட்டுவது இந்த ஏற்பாடு. லண்டனில் குடும்ப வருமானம் 90,000-க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். புதிய முறையில் 10 சதவீதப் பங்கிலிருந்தே வாங்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பங்கின் விலை மட்டும்தான்.

அந்த 4,50,000 ஃபிளாட்டில் 25 சதவீதம் 1,12,500. டெபாசிட் 11,250 போதும். ரொக்கம் குறைவாக உள்ளவர்களை இழுப்பது இதுதான், அது நியாயமான காரணமும்கூட. தவணை மாதம் 545 பவுண்டு. மீதி 75 சதவீதத்துக்கு வருடம் 2.75 சதவீதம் வாடகை, அதாவது மாதம் 775. சர்வீஸ் சார்ஜ் 250. மொத்தம் 1,570.

அறக்கட்டளை வீட்டில் 1,500 வந்ததைப் பாருங்கள். இன்றைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தவணையை நிர்ணயிப்பது வட்டி விகிதம் மட்டும்தான். இந்த வாடகையோ விலைவாசியோடு சேர்ந்து வருடா வருடம் ஏற ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. புதிய குத்தகைகளில் பணவீக்கத்துடன் 1 சதவீதம். பணவீக்கம் 2 என்றால் ஏற்றம் 3. பத்து வருடத்தில் 775 வாடகை 1,040 ஆகிவிடும். அதில் ஒரு பென்னிகூட உங்கள் பங்கில் சேராது. அன்றைக்கு விற்றால், அதே 3 சதவீத விலை ஏற்றத்தில், கையில் சுமார் 69,000. போட்ட ரொக்கம் குறைவு, வரவும் குறைவு.

அப்புறம் சர்வீஸ் சார்ஜ். நான் பங்கு வாங்கிய வருடம் மாதம் 110 பவுண்டு கட்டினேன். விற்ற வருடம் 290. ஒரு அக்டோபரில் லிஃப்ட் பழுதுக்கும் தீயணைப்புக் கதவுகளுக்கும் என்று 1,140 பவுண்டுக்குத் தனியாக ஒரு பில் வந்தது. என் பங்கு 40 சதவீதம். பில்லில் என் ஃபிளாட்டுக்கு எழுதியிருந்தது முழுத் தொகை. கேட்டபோது குத்தகையின் ஒரு பத்தியைக் காட்டினார்கள். பங்கு எவ்வளவாக இருந்தாலும் பழுதுச் செலவு முழுக்கக் குடியிருப்பவருடையது என்று தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் நான் அதைப் படிக்கவில்லை.

புதிய குத்தகைகளில் முதல் பத்து வருடம் வெளிப்புற, கட்டமைப்புப் பழுதுகளை ஹவுசிங் அசோசியேஷனே ஏற்க வேண்டும். பழைய பங்கு வீடு மறுவிற்பனைக்கு வந்தால் அது எந்தக் குத்தகை என்று முதலில் கேளுங்கள்.

மீதிப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம் என்பார்கள். வாங்கலாம்தான், ஆனால் அன்றைய சந்தை மதிப்பில். ஒவ்வொரு முறையும் மதிப்பீட்டாளருக்குக் கூலி, சாலிசிட்டருக்குக் கூலி, மதிப்பீடு மூன்று மாதத்தில் காலாவதி. புதிய முறையில் வருடம் 1 சதவீதம் மதிப்பீட்டுக் கூலி இல்லாமல் வாங்க வழி செய்திருக்கிறார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் அந்த வேகத்தில் பதினைந்து வருடத்தில் 25 என்பது 40 ஆகும், அவ்வளவுதான்.

யாருக்குப் பொருந்தும்: கையில் பதினைந்தாயிரத்துக்கு மேல் இல்லை, ஆனால் சில வருடத்தில் சம்பளம் நிச்சயமாக உயரும் என்பவர்களுக்கு. உதாரணமாக, பயிற்சி முடிக்கப்போகும் மருத்துவர், இளம் கணக்காளர். பெரிய பங்குகளாகச் சீக்கிரம் வாங்கி முடித்துவிடத் திட்டம் இருந்தால் இது ஒரு நல்ல ஏணி. சம்பளம் இப்படியே இருக்கும் என்றால் வேண்டாம்.

## சந்தையில் முழு வீடு

சம்பளம் இருந்தால் எளிமையான வழி இதுதான். 4,50,000 வீட்டுக்கு டெபாசிட் 45,000, முத்திரை வரி 7,500, தவணை மாதம் 2,175. வங்கி இந்தக் கடனைக் கொடுக்க வருமானம் 90,000 வேண்டும். நம் தம்பதிக்குக் கதவு மூடியாகிவிட்டது. பத்து வருடம் கழித்து இந்தக் கணக்கில் கையில் 2,75,000 வரும். ஆனால் லண்டன் ஃபிளாட் விலைகள் 2016-க்குப் பிறகு மற்ற வீடுகளைப் போல் ஏறவில்லை. வருடம் 3 சதவீதம் என்று நான் போட்டது ஃபிளாட்டுக்குத் தாராளம்.

அவர்களால் முடிவது மூன்று லட்சத்துக்குள். அதற்கு லண்டனில் ஒரு படுக்கையறை, அல்லது கென்டில் கில்லிங்ஹாம், சாத்தம் பக்கம் ஒரு சின்ன வீடு. கென்ட் வீட்டுக்குத் தோட்டமும் உண்டு, மண்ணும் சொந்தம். ஆனால் லண்டனுக்கு ஆண்டு ரயில் பாஸ் ஒருவருக்கு 5,000 பவுண்டைத் தாண்டும். மாதத்துக்கு 420 பவுண்டுக்கு மேல். அதைத் தவணையோடு கூட்டிப் பார்த்தால் விலை வித்தியாசத்தில் பாதி கரைந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் எக்ஸ்ரே அறையிலிருந்து கிளம்புகிறவர் எத்தனை மணிக்குப் பிள்ளைகளைப் பார்ப்பார் என்பதையும் கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாருக்குப் பொருந்தும்: வருமானம் எட்டுபவர்களுக்கு. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு. ஐந்து வருடத்தில் வேலை மாறி வேறு ஊர் போகக்கூடியவர்களுக்கு, ஏனென்றால் சந்தை வீட்டை யாரிடமும் அனுமதி கேட்காமல் விற்கலாம், கடன் கொடுத்தவர் சம்மதித்தால் வாடகைக்கும் விடலாம்.

## இப்போதைக்கு வாடகையிலேயே இருப்பது

லண்டனில் சராசரி தனியார் வாடகை மாதம் 2,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. நம் தம்பதி கட்டுவது 1,750. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் முறைக்கு முடிவு கட்டுகிறது. காத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். காத்திருக்கும் காலத்தில் நாற்பது வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் லைஃப்டைம் ஐசா சேமிப்புக் கணக்கு தொடங்கினால், வருடம் 4,000 வரை போடும் பணத்துக்கு அரசு 25 சதவீதம் சேர்க்கும். வீட்டு விலை 4,50,000-க்கு மேல் போகக் கூடாது. வேறு செலவுக்கு எடுத்தால் அபராதம், போட்ட பணத்திலும் கொஞ்சம் போகும். அதனால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அதில் போடாதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | அறக்கட்டளை வீடு | ஷேர்டு ஓனர்ஷிப் (25%) | சந்தை ஃபிளாட் |
|---|---|---|---|
| டெபாசிட் | 27,000 | 11,250 | 45,000 + 7,500 வரி |
| மாதச் செலவு, இன்று | 1,500 | 1,570 | 2,425 |
| வருடா வருடம் ஏறுவது | சர்வீஸ் சார்ஜ் மட்டும் | வாடகை, சர்வீஸ் சார்ஜ் | சர்வீஸ் சார்ஜ் மட்டும் |
| 10 வருடம் கழித்து விற்றால் கையில் | 1,65,000 | 69,000 | 2,75,000 |
| விற்கும் விலை | வாய்பாட்டின்படி | பங்கின் சந்தை மதிப்பு | சந்தை |
| வாடகைக்கு விட | முடியாது | பொதுவாக முடியாது | முடியும் |
| கிடைப்பது | மிக அரிது | எளிது | வருமானம் இருந்தால் எளிது |

தொகைகள் பவுண்டில், மேலே சொன்ன அனுமானங்களின்படி. சந்தை ஃபிளாட்டுக்கும் சர்வீஸ் சார்ஜ் 250 சேர்த்திருக்கிறேன். வட்டி மாறினால் மூன்று வீட்டுத் தவணையும் மாறும்.

அட்டவணையில் அடங்காத ஒன்று உண்டு. அமெரிக்காவில் வீட்டுக் கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த 2010-இன் இறுதியில், பொதுச் சந்தையில் 4.63 சதவீத வீட்டுக் கடன்கள் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம். தவணை தவறும்போதே அறக்கட்டளை வந்து கதவைத் தட்டி, கடன் கொடுத்தவரிடம் பேசி, வழி பார்த்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கையில் வரும் லாபத்தைக் குறைத்துக்கொண்டதற்குப் பதிலாக அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது இது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தம்பதியிடம் என் கருத்தை ஒளிக்காமல் சொன்னேன். அறக்கட்டளை வீட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். இரண்டு வருடம் ஐசாவில் போடுங்கள். அதற்குள் வரவில்லை என்றால் புதிய குத்தகை உள்ள பங்கு வீட்டில் 25 வேண்டாம், 50 வாங்கும் அளவுக்குச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "நாங்கள் போன பிறகு வீடு பிள்ளைகளுக்கு வருமா?" மூன்று தாளையும் வைத்துப் பேசிய இரண்டு மணி நேரத்தில் முக்கியமான கேள்வி அதுதான். வீட்டின் மதிப்பு வாரிசுக்கு வரும். ஆனால் பிள்ளை அங்கேயே குடியிருக்க வேண்டுமென்றால் அறக்கட்டளை தன் தகுதி விதியைப் பார்க்கக்கூடும், பொருந்தாவிட்டால் வாய்பாட்டு விலைக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இது ஒவ்வொரு குத்தகையிலும் வேறு வேறு மாதிரி எழுதியிருக்கும் என்பதால், மாதிரிக் குத்தகையைக் கேட்டு வாங்கி, வாரிசு, மறுவிற்பனை என்று இரண்டு தலைப்பிலும் உள்ள பத்திகளை அடிக்கோடிட்டு எடுத்து வரச் சொன்னேன். சனிக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டு வருகிறார்கள்.